பெரிய மாமாவின் 63 தட்டுகள்

மூணு மாசமாக மனசில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. பாட்டுக் கேட்க இசைத்தட்டுக்கு மாறலாமா, கைப்பேசியே போதுமா? போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பெரிய மாமா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர். சம்பளம் போட்ட வாரம் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் வந்து, மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு தட்டாவது வாங்காமல் வீடு திரும்ப மாட்டார் என்று அம்மா சொல்வார். மாமா தவறி ஒரு வருஷமாகிறது. அத்தை வீட்டை ஒழுங்குபண்ணியபோது இரண்டு அட்டைப்பெட்டிகளை என்னிடம் கொடுத்து, "நீதான் பாட்டுக் கேக்குற பிள்ள, நீயே வச்சுக்க" என்றார். எண்ணிப் பார்த்தேன். நிறையப் பாட்டு வரும் பெரிய எல்பி 22, நாலு பாட்டு வரும் சின்ன இபி 33, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு 8. பெரும்பாலும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான எச்.எம்.வி. கம்பெனித் தட்டுகள், எண்பதுகளில் வாங்கியவை எக்கோ கம்பெனி. ஒவ்வொரு உறையின் பின்பக்கமும் வாங்கிய தேதி பென்சிலில் இருக்கிறது, பிடித்த பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக். சில உறைகளில் ஒரே பாட்டுக்கு இரண்டு டிக்.

முதலில் லோரோங் கூலிட்டுக்குத்தான் போனேன். காலையில் பழைய சாமான் விற்கும் அந்தச் சந்தையில் தட்டு வாங்கி விற்கும் அங்கிள் ஒருவர், எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னார். கேட்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

இனி ஒலி விஷயம். தட்டில்தான் சத்தம் உசத்தி, டிஜிட்டலில் உயிர் இல்லை என்று பலரும் சொல்வதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்த பிறகு அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1982-இல் வந்த சிடியிலேயே ஒரு விநாடியின் ஒலியை 44,100 தடவை அளந்து 16 பிட்டில் பதிகிறார்கள், அதனால் மெல்லிய சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. நல்ல எல்பியில் அது 70-ஐ எட்டினாலே பெரிசு. இன்னொன்று, எல்பி ஒரே வேகத்தில், நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் தடம் ஓடினால், நடுவுக்கு வரவர அது 20 சென்டிமீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது, அதனால் அதே அளவு ஒலியை இன்னும் குறுகின இடத்தில் நெருக்கிப் பதிய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் "ச", "ஷ" எல்லாம் கொஞ்சம் கரகரப்பது இதனால்தான். புதுசாக வரும் எல்பிகளில் நிறைய டிஜிட்டல் மாஸ்டரிலிருந்தே, அதாவது டிஜிட்டல் மூலப்பதிவிலிருந்தே, வெட்டப்படுகின்றன. கைப்பேசியில் இருக்கும் அதே பதிவைத் தட்டில் வாங்க 150 வெள்ளி கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போ கைப்பேசியே போதுமே என்று அன்றைக்கே முடித்திருப்பேன். மாமா இரண்டு டிக் போட்டிருந்த ஒரு பாட்டுதான் விடவில்லை. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் செயலியில் தேடினால் உடனே கிடைத்தது. நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் சிநேகிதர் வீட்டில் நல்ல பிளேயர் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இபியை அங்கே கொண்டுபோனேன், அம்மாவும் கூட வந்தார். ஊசி இறங்கியதும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி சடசடவென்று கொஞ்ச நேரம். அப்புறம் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு ஹம்மிங் வந்தது. நான் அதைக் கேட்டதே இல்லை. செயலியில் அந்தப் பாட்டு தபலாவோடுதான் தொடங்குகிறது. யாரோ எப்போதோ வெட்டிவிட்டிருக்கிறார்கள், போதாததற்கு எதிரொலியும் ஏற்றியிருக்கிறார்கள். தட்டில் பாடகியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது, பல்லவி முடிந்து அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கம் முடிந்ததும் தானே எழுந்துபோய், தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் திருப்பி வைத்தார். விரல் தடத்தில் படக்கூடாது என்று அண்ணன் சொல்லிக்கொடுத்ததாம்.

ஆக, தட்டு என்பதாலேயே ஒலி உசத்தியாகிவிடாது, ஆனால் இந்தத் தட்டுகளில் இருக்கிற பதிவு வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிளேயர் வாங்குகிறேன். மாமா விட்டுப்போனதற்கும், அதே காலத்துப் பழைய தட்டு கண்ணில் பட்டால் அதற்கும் மட்டும். புதுப் பாட்டு, பஸ்ஸில் கேட்பது, சமையல்கட்டில் ஓடுவது எல்லாம் கைப்பேசியில்தான்.

பெட்டி மாதிரி மூடித் திறக்கிற மலிவு பிளேயர் வேண்டாம் என்று சிநேகிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவற்றில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக் வகை, ஊசி ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றரை, இரண்டு கிராம் போதும், தடம் சீக்கிரம் தேயாது. ஊசியைத் தாங்கும் கை தட்டில் எவ்வளவு அழுத்தும் என்பதைச் சரிசெய்யக்கூடிய பழைய பிளேயர் ஒன்றை 650 வெள்ளிக்குப் பேசி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு ஃபோனோ ஆம்பும் வேண்டும், ஏனென்றால் தட்டு வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், கேட்கும்போது அதைத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். இதற்கு 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம்) அளவைத்தான் இன்றைக்கும் பின்பற்றுகிறார்கள்.

அந்த எட்டு 78 தட்டுகளில் பெரிய தப்பு பண்ணப் பார்த்தேன். பினாங்கு ஈரத்துக்கு எல்லாத் தட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். எல்பிக்கு ஆல்கஹால் கலந்த தண்ணீரில் துடைத்துக்கொண்டே வந்தவன், அதே துணியோடு 78-ஐயும் கையில் எடுத்துவிட்டேன். அவை வினைல் இல்லை, அரக்கு. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். சிநேகிதர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. அவற்றைச் சும்மா தண்ணீரில், நடு லேபிள் நனையாமல் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். எல்பி ஊசியும் அவற்றுக்கு ஆகாது. 78-இன் தடம் அகலம், அதற்கான ஊசி முனை ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிசு. அந்த ஊசி வரும்வரை அவை எட்டும் காத்திருக்கட்டும்.

பூசணம் பிடித்த உள்ளுறைகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புது உறை மாற்றினேன், பென்சில் எழுத்து உள்ள வெளி அட்டைகளை மட்டும் துடைத்து நிழலில் காயவைத்து அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும் என்பதால், நிற்கவைக்கிற மாதிரி ஓர் அலமாரிக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று. ஜன்னல் வெயில் படாத சுவர் பக்கம், அம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே. அடுத்த சனிக்கிழமை வந்துவிடும் என்றிருக்கிறார்.