தங்கத்தேர் ஆண்டில் ஊரில் இல்லாதவள்

ஜூலை 11, 2023

லிஸ்பனில் நடக்கும் உலக இளைஞர் நாளுக்குப் போக விசாவுக்குக் கொடுத்த கடவுச்சீட்டுகள் வந்துவிட்டன. ஃபாதர் மேசைமேல் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் தோழி ஜெ.யுடையதில் மட்டும் விசா ஸ்டிக்கர் இல்லை. மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் அச்சடித்த காரணங்கள் வரிசையாக, ஒரு கட்டத்தில் மட்டும் குறி. விசாக் காலம் முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறதாம்.

ஜெ. மீது ஐயம்! மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்த கையோடு பஸ் ஏறி இரவே வீட்டுக்கு வந்துவிடுகிறவள்.

ஜூலை 12

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 15

வங்கி அறிக்கைதான் காரணமாக இருக்கும் என்கிறார் இளைஞர் இயக்கத் தலைவர் அண்ணன். எந்த அதிகாரியும் அப்படி எழுதித் தரவில்லை, ஆனாலும் யோசிக்க யோசிக்க எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆறு மாத அறிக்கையை ஜூன் நடுவில் போய் எடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜெ.யின் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். படகு கரையில் கிடக்கும்போது வரவு எங்கிருந்து வரும்? மற்ற மாதங்களிலும் ஏலம் முடிந்ததும் பங்குப் பணம் கையில் வரும், கையிலிருந்தே மளிகைக்கும் வட்டிக்கும் போய்விடும். வங்கிப் பக்கம் எட்டிப்பார்க்காத பணம் அது. என் அப்பா அரசு ஊழியர். மாதக் கடைசியில் சம்பளம் தவறாமல் கணக்கில் விழுகிறது. எனக்கும் அவளுக்கும் நடுவே அந்த அதிகாரி கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பயணச் செலவுக்குக் கோயில் வளாகத்தில் பிரியாணி விற்கலாம் என்று சொன்னவள் அவள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து வெங்காயம் உரித்தவளும் அவள்தான். நான் ஏழு மணிக்குப் போய் டோக்கன் கிழித்தேன்.

ஜூலை 20

டி-சர்ட்டுகள் அச்சாகி வந்துவிட்டன. முதுகில் இந்த ஆண்டின் மையக்கருத்து: ‘மரியா புறப்பட்டு விரைந்து சென்றார்.’ ஜெ.க்கும் ஒன்று இருக்கிறது, முன்பே பணம் கட்டியாயிற்று. கொண்டுபோனால் அங்கே வேறு நாட்டுப் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். யார் பையில் வைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 22

பாட்டி பேசமாட்டேன் என்கிறாள். பத்து வருடம் கழித்து இந்த ஆகஸ்ட் 5 அன்று எங்கள் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர். “தங்கத்தேர் ஓடுகிற வருசத்தில் ஊரைவிட்டுப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். போப்பாண்டவரைப் பார்க்கப் போகிறேன் பாட்டி என்றேன். “அவர் மாதாவைப் பார்க்க வரட்டும்.”

ஜூலை 24

சென்னை விமான நிலையம். எல்லாருடைய கடவுச்சீட்டும் ஃபாதரின் தோள்பையில். பையை மடியில் வைத்துக்கொண்டு உறங்குகிறார். கழிவறைக்குப் போனாலும் பை கூடவே போகிறது.

ஜெ. வழியனுப்ப வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பொய். எதிர்பார்த்தேன்.

ஜூலை 26

ஆவெய்ரோ. லிஸ்பனுக்கு வடக்கே, கடலோரம். லிஸ்பனில் கூடுவதற்கு முன் சில நாட்கள் மற்ற மறைமாவட்டங்களில் குடும்பங்களோடு தங்க வைக்கிறார்கள். என்னையும் இன்னொருத்தியையும் ஒரு மூதாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. ‘ஆவோ’ என்று கூப்பிடச் சொன்னார். பாட்டி. இங்கேயும் ஒரு பாட்டி, ஆனால் இவர் பேசுகிறார், நிறைய.

வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தோம். மச்சாதோ, கோஸ்தா, கோமெஸ், மிராந்தா. எங்கள் தெரு ரேஷன் அட்டைகளை யாரோ கொண்டுவந்து கடை கடையாக மாட்டிவைத்தது போல. இத்தனை பேரின் மூதாதையருக்குப் பெயர் கொடுத்த நாடு, வந்துபோக அனுமதி தரும்போது மட்டும் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறது.

ஊரில் இன்று கொடியேற்றம். அம்மா படம் அனுப்பினாள். கூட்டத்தில் ஜெ.யைத் தேடினேன். பெரிதாக்கினால் எல்லா முகமும் கலங்கிவிடுகிறது.

ஜூலை 27

ஆவெய்ரோவில் உப்பளம் இருக்கிறது! பாத்தி, வரப்பு, கூம்பாகக் குவித்த உப்பு, எல்லாம். ஆனால் சின்னச்சின்னதாக, பார்வைக்கு வைத்தது போல இருக்கிறது. முன்பு நிறைய இருந்தனவாம், இப்போது உப்பு எடுப்பவர்கள் சிலரே. பழைய படங்களில் பெண்கள் தலையில் கூடை சுமந்து வரப்பில் நடக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெண்கள் படத்துக்குள் போகவில்லை, நாளைக் காலையும் வேலைக்குப் போவார்கள். கண் கூசாதா என்று உடன் வந்த பெல்ஜியப் பையன் கேட்டான். கூசும், காலும் வெடிக்கும் என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். எதற்கென்று புரியவில்லை.

பிற்பகல் இல்யாவுவில் கடல்சார் அருங்காட்சியகம். இந்த ஊர் ஆண்கள் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து வரை கப்பலில் போய் காட் மீன் பிடித்திருக்கிறார்கள். பெரிய கப்பல் கடலில் நிற்கும். அதிலிருந்து தட்டையான சிறு தோணிகளை இறக்கி, தோணிக்கு ஓர் ஆளாகப் பனிமூட்டத்துக்குள் போய்த் தூண்டில் போடுவார்கள். 1970கள் வரை இப்படியே நடந்திருக்கிறது. தோணி ஒன்றின் அருகே நெடுநேரம் நின்றேன். நீளம் எங்கள் வீட்டுத் திண்ணை அளவு. ஆவோவின் அப்பா போயிருக்கிறார். கைபேசியின் மொழிபெயர்ப்பு சொன்னது: “அம்மா ஆறு மாதம் கறுப்பு உடுத்திப் பழகிக்கொண்டாள்.” சரியாகத்தான் மொழிபெயர்த்ததா தெரியவில்லை. திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

மாலையில் உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து உருளைக்கிழங்கோடு சமைத்தார். கருவாடுதான். மிளகாய் இல்லாத கருவாடு. நான் பையிலிருந்து ஊறுகாயை எடுத்ததும் ஆவோ சிரித்தார். பிறகு அவரும் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். பிறகு சிரிக்கவில்லை.

ஜூலை 28

இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். உறக்கமில்லை.

ஜூலை 30

அங்கோலா, கேப் வெர்டே நாடுகளிலிருந்து பதிவு செய்த பயணிகளில் பலர் தங்க வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை என்று இங்கே செய்தி. எங்கேயோ வேலை தேடிப் போயிருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். கேட்டதிலிருந்து ஃபாதர் எங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார். திருப்பலிக்கு முன், திருப்பலிக்குப் பின், ஐஸ்கிரீம் கடையில்.

நேற்றுவரை அந்தக் குறிபோட்ட தாளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று வராமல் போனவர்களைத் திட்டுகிறேன், உங்களால்தானே என்று. அவர்கள் வீட்டு வங்கி அறிக்கை எப்படி இருந்திருக்குமோ.

ஆகஸ்ட் 1

லிஸ்பன். ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் படுக்கை. எங்களுக்கு இந்தப் பக்கம் போலந்து, அந்தப் பக்கம் பிரேசில். போலந்து ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறது. பிரேசில் படுப்பதே இல்லை.

எட்வர்ட் பூங்காவில் தொடக்கத் திருப்பலி, கர்தினால் மனுவேல் கிளெமெந்தே நிறைவேற்றினார். நான் பார்த்தது முன்னால் நின்ற அமெரிக்கப் பையனின் முதுகுப்பை.

ஆகஸ்ட் 3

போப்பாண்டவர் வந்தார். ஸ்பானிய மொழியில் பேசினார். மற்ற மொழிகளுக்கு எஃப்.எம். ரேடியோவில் மொழிபெயர்ப்பு, தமிழ் கிடையாது. சிஸ்டர் ஆங்கிலத்தைக் காதில் வாங்கித் தமிழில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு, யாரும் மிகையல்ல என்றார். பிறகு அவரவர் மொழியில் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள் என்றார். தோதோஸ், தோதோஸ், தோதோஸ்.

“எல்லாரும்!” என்று எங்கள் கூட்டம் கத்தியது. கேட்கவில்லை, இன்னொரு முறை என்றார். மறுபடி கத்தினார்கள். எனக்கு முதல் முறையே தொண்டை அடைத்துவிட்டது. பக்திப் பரவசம் என்று நினைத்து சிஸ்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இல்லை சிஸ்டர், கோபம். அவர் மேல் அல்ல. அவர் மனதாரத்தான் சொன்னார், அது முகத்தில் தெரிந்தது. அதனால்தான் இன்னும் கோபம். கதவுக்கு உள்ளே நிற்பவர் எல்லாரும் என்கிறார், வாசலில் நிற்பவர் பட்டியலைப் பார்க்கிறார். இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கட்டடங்கள், தெரியும். ஆனால் ஜெ.க்கு வாசல் ஒன்றுதானே.

இரவு அவளுக்கு நீளமாக எழுதினேன். அனுப்பவில்லை. ‘இங்கே நல்ல வெயில்’ என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

ஆகஸ்ட் 4

பெலெம் தோட்டத்தில் 150 ஒப்புரவுக் கூண்டுகள், எல்லாம் சிறைக்கைதிகள் செய்தவை. காலையில் போப்பாண்டவரே வந்து சிலருக்கு ஒப்புரவு கொடுத்துவிட்டுப் போனார். மரவேலை சுத்தமாக இருந்தது. செய்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கே வந்து நிற்க வாய்த்தது?

தேஜோ ஆற்றங்கரையில் நடந்தோம். 1541 ஏப்ரல் 7, தன் 35வது பிறந்தநாளில், சவேரியார் லிஸ்பனிலிருந்துதான் கப்பலேறினார். கோவா போய்ச் சேரவே பதின்மூன்று மாதம். பிறகு முத்துக்குளித்துறை, மணப்பாட்டுக் குகை, எங்கள் பாட்டன்மார். இதையெல்லாம் சொல்லி ஃபாதர் கண்கலங்கினார். சவேரியாருக்கு விசா கொடுத்தது யார் ஃபாதர் என்று கேட்டேன். கொஞ்சம் முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “மூன்றாம் ஜான் அரசர் அனுப்பினார். போப்பாண்டவர் கடிதமும் இருந்தது.” அப்படிச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5

விடியுமுன் கைபேசி அதிர்ந்தது. நான்கரை மணி நேர வித்தியாசம், அங்கே காலை வெயில் ஏறிவிட்டது. ஜெ. வீடியோ அனுப்பியிருக்கிறாள். எழுத்து ஒன்றும் இல்லை. தங்கத்தேர். கூட்டத்துக்கு நடுவில் வடத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் எடுத்திருக்கிறாள், படம் தரையும் வானமுமாக ஆடுகிறது. “மரியே வாழ்க” சத்தத்தில் கைபேசியே நடுங்கியது. நான் அவசரமாக ஒலியைக் குறைத்தேன், போலந்து விழித்துக்கொண்டது. கடைசியில் ஒரு நொடி கேமரா திரும்புகிறது. அவள் முகம் பாதி. வியர்வை, குங்கும நிறச் சேலை, பல்லெல்லாம் சிரிப்பு.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்காக வருத்தப்பட்டு எடுத்ததா, என்னை வெறுப்பேற்ற எடுத்ததா? இரண்டுமாக இருந்தாலும் அவளுக்கு அது தகும்.

பிறகு நடை, நடை, நடை. தேஜோ பூங்கா முன்பு குப்பைக் கிடங்காக இருந்த இடமாம், இப்போது நுழைவாயிலில் ‘அருளின் வயல்’. வாஸ்கோ ட காமா பாலம் ஆற்றின் மேல் முடிவே இல்லாமல் போகிறது. 15 லட்சம் பேர் என்கிறார்கள். திருவிழிப்பில் நற்கருணையை எழுந்தேற்றம் செய்தபோது அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள், எங்கோ ஒரு குழந்தை மட்டும் அழுதது. அப்போது என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை. யாரையும்கூட.

ஆகஸ்ட் 6

வெட்டவெளியில் தூக்கம். விடியலில் இசைத் தட்டு வைத்து எழுப்பியவர் ஒரு குருவானவர், கில்லெர்மே பெய்ஷோட்டோ. ஃபாதர் காதைப் பொத்திக்கொண்டார். கால் மட்டும் தாளம் போட்டது, நாங்கள் பார்த்தோம்.

ஆண்டவரின் தோற்ற மாற்ற விழாத் திருப்பலி. ஒளிருங்கள், செவிகொடுங்கள், அஞ்சாதீர்கள் என்று மறையுரை. வெயில் நம் ஊர் வெயில்தான், ஆனால் இங்கே யாரும் அதற்குப் பழகியிருக்கவில்லை. மெக்சிகோ பெண் ஒருத்தி டி-சர்ட் மாற்றிக்கொள்ளலாமா என்றாள். என்னுடையதைக் கழுவாமலேயே கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பையில் இருந்ததைக் கொடுக்கவில்லை.

அடுத்த உலக இளைஞர் நாள் 2027, சியோல். கொரியர்கள் கொடியோடு மேடைக்கு ஓடினார்கள். அதற்கு முன் 2025 யூபிலிக்கு ரோமுக்கு வாருங்கள் என்றும் போப்பாண்டவர் அழைத்தார்.

ஆகஸ்ட் 7

விமான நிலையம். தாமதம்.

கொரியாவுக்கும் வங்கி அறிக்கை கேட்பார்கள். ஜூனில் எடுக்கவே கூடாது, தடைக்காலம் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். அதற்குள் அவள் பெயரிலேயே கணக்கு ஓட வேண்டும். டியூஷன் பணத்தை மாதாமாதம் போடச் சொல்லலாம், பிரியாணி கணக்கையும் அவள் பெயரிலேயே எழுதலாமா என்று அண்ணனைக் கேட்டேன். அது முறையா என்று தெரியாது, ஃபாதரிடம் கேட்கலாம் என்றார். ஃபாதர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஜெ.க்கு இன்னும் போக ஆசை இருக்கிறதா என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும்.