முதலில் பலகை

"கப்பலை அப்படிக் கட்ட மாட்டாங்கம்மா. முதல்ல விலா, அப்புறம்தான் பலகை." நான் சொன்னது இவ்வளவுதான். 3 வாரமாகியும் மனசை விட்டுப் போகவில்லை.

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கமிருந்து மாடல் கப்பல் செய்து பார்க்க வந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு 20 நிமிடம். அடிக்கட்டையில் விலா எலும்பு போல வளைந்த விலாச்சட்டங்களைச் செருகி, அதன்மேல் பலகைகளை ஒட்டினால் கப்பல் நிற்கும். ஒரு சிறுமி மட்டும் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கலைத்துவிட்டாள்.

துணைக்கு வந்திருந்த தாத்தா ஒருவர், "கட்டுவாங்க டீச்சர். பூலாவ் டூயோங்ல அப்படித்தான்" என்றார். திரெங்கானு மாநிலத்தில் படகு கட்டும் தீவு அது. ஒரு காலத்தில் திரெங்கானுவுக்கு லாரியில், படகு கட்டும் செங்கால் மரம் ஏற்றிப் போனவராம். வரைபடம் கிடையாது, பலகையோடு பலகையை மர ஆணியால் இணைப்பார்கள், இடுக்கில் கெலாம் மரப்பட்டை வைப்பார்கள், வடிவம் வந்த பிறகுதான் உள்ளே விலா என்று கையை வளைத்துக் காட்டினார். "பிள்ளைங்க குழம்பிடுவாங்க ஐயா" என்றேன்.

பொய்யில்லை. எங்கள் மாடலில் பலகைகளை இணைக்க ஆணியே கிடையாது. அவள் தொடர்ந்திருந்தால் சரிந்திருக்கும். வாசலில் அடுத்த குழு காத்திருந்தது. ஆனால் நான் "இந்த மாடலை" என்று சொல்லவில்லை, "கப்பலை" என்றேன். அங்கேதான் இடறுகிறது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். தாத்தா சொன்னது சரிதான். அதைவிட உறுத்தியது மசூலா படகு. மதராஸில் துறைமுகம் வருவதற்கு முன், அலையைத் தாண்டிக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோனது அதுதான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், விலாவே கிடையாது. அதனால்தான் அலை தூக்கிக் கரையில் அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுத்தது. நம் கடற்கரைப் படகு. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தமிழ்ப் பிள்ளையிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

சரி, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முறையை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது தப்பா? இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இப்போது இரண்டு முறையையும் சொல்கிறேன். நேரம் போதவில்லை; சில மேசைகளில் கப்பல் பாதியில் நிற்கிறது, பிள்ளைகள் முகம் வாடிப் போகிறார்கள். இது மட்டும் நியாயமா?

அன்று, அவள் கலைத்த பலகைகளில் ஒன்றை எடுத்துத் தாத்தா அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். ஒன்றும் பேசாமல் அவள் முன்னால் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.