தொப்புள் ஹெர்னியா மறுபடி வந்தபோது

வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்கி வருவதுதான் ஹெர்னியா. ஆபரேஷன் செய்தாலும் அது திரும்பவும் வரலாம் என்று முதல் தடவை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தொப்புளில் வந்த வீக்கத்தை ஒரு நர்சிங் ஹோமில் தைத்து, "இனிமே பயமில்லம்மா" என்று அனுப்பினார்கள். சில வருஷம் கழித்து, தழும்புக்குச் சற்று மேலே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு. நின்றால் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். விரலை வைத்துக்கொண்டு இருமினால் உள்ளிருந்து வந்து முட்டும். "வாயுடி, ஓமத்தண்ணி குடி" என்றார் அத்தை. குடித்தேன். ஓமத்தண்ணிக்கெல்லாம் அது மசியவில்லை.

வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, அறுவை சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்தேன். டாக்டர் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். பிறகு நிற்கவைத்து இருமச் சொன்னார். அடுத்து அவர் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்ததால் என்னிடம் இருந்தது. மெஷ் என்கிற வலை வைத்தார்களா, வெறும் தையலா, அப்போது புண்ணில் சீழ் பிடித்ததா என்பதெல்லாம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. என்னுடையது வெறும் தையல்.

ஓட்டையின் ரெண்டு ஓரத்தையும் இழுத்துத் தைக்கும்போது அந்த இடம் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். இருமல், முக்கல், தும்மல் என்று வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்போதெல்லாம் அந்த இழுப்பு தையலில்தான் விழும். நூல் அறுவதைவிட, நூல் பிடித்திருக்கும் சதை உறை கிழிந்துகொடுப்பதுதான் அதிகமாம். வலை வைத்தால் அந்தப் பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். அங்கே இருந்த பயிற்சி டாக்டர் பெண் ஒரு கணக்கும் சொன்னாள்: நெதர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆஸ்பத்திரிகளில் 300 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2018இல் லான்செட் இதழில் வந்திருக்கிறது. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையான தொப்புள் ஹெர்னியா. தையல் மட்டும் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 4 சதவீதம். "அப்போ வலை வெச்சாலும் வரலாமா?" என்றேன். "வரலாம்கா. அதுவும் உங்களுக்கு இது ரெண்டாவது தடவை" என்றாள். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எதனால் வந்தது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அண்ணி தண்ணி கேன் மேல் பழியைப் போட்டார். எங்கள் ஹவுசிங் போர்டு வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் ஆபரேஷன் முடிந்தபோது "வெயிட் தூக்காதீங்க" என்றார்கள். எது வெயிட்? 20 லிட்டர் கேனில் தண்ணி மட்டுமே 20 கிலோ. சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30. லாரித் தண்ணி பிடிக்கும் குடத்தை யாருமே வெயிட் என்று நினைப்பதில்லை, அது பொம்பளை வேலை. வீட்டில் என்னென்ன தூக்குகிறீர்கள் என்று கேட்டு, கிலோ கணக்கில் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆனால் டாக்டர் கேன்தான் காரணம் என்று சொல்லிவிடவில்லை. உடம்பு எடை, சர்க்கரை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பழைய தையலின் இழுப்பு எல்லாம் சேர்ந்துதான் என்றார். எனக்கு வீசிங் உண்டு. எங்கள் வடசென்னையின் அழுக்குக் காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேதி உடனே தரவில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, குறைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் ஹெர்னியா திரும்பவும் சுலபமாக வரும், வலையையே எடுக்க வேண்டியும் வரலாம். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், முழு சிகிச்சையிலும் உருப்படியான பகுதி அந்தக் காத்திருப்புதான். சோற்றைப் பாதியாக்கினேன், இன்ஹேலரை விடாமல் இழுத்தேன், மலச்சிக்கலுக்கு ராத்திரி இசப்கோல். இருமல் அடங்கியதே பெரிய நிம்மதி.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி, மேல் வயிற்றிலிருந்து கீழே மரத்துப்போனது, அவ்வளவுதான். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டராவது தாண்டி நிற்கிற மாதிரி வலை வைத்ததாகச் சொன்னார்கள். வார்டில் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்ததுதான் பிறகு தினமும் உதவியது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்து அழுத்திக்கொண்டு இருமணும். எழுந்திருக்கும்போது நேராக எழாமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழணும்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் குளிக்கும்போது தடவிப் பார்த்தால் அதே இடத்தில் வீக்கம்! எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார், ஸ்பீடு பிரேக்கர் வந்தபோதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் கையை வைத்து இருமச் சொன்னார், எதுவும் முட்டவில்லை. படுத்தாலும் உள்ளே போகவில்லை. ஸ்கேனில் வெறும் நீர். வலை வைத்த இடத்தில் இப்படி நீர் கோர்ப்பது சகஜமாம். ஊசி போட்டு உறிஞ்சினால் கிருமி உள்ளே போக வாய்ப்புண்டு, தானாக வற்றட்டும் என்று விட்டுவிட்டார். சில வாரத்தில் வற்றிவிட்டது.

பெல்ட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்டால் நடக்கத் தெம்பாக இருக்கிறது, ஹெர்னியா திரும்ப வராமல் அது தடுக்கும் என்று எண்ண வேண்டாம் என்றார் டாக்டர்.

இப்போது கேன் போடுகிற பையனுக்கு மாடிக்கு ஏற்றித் தரத் தனியாகக் காசு கொடுக்கிறோம். குடத்தைப் பெரியவன் தூக்குகிறான், முணுமுணுத்துக்கொண்டே. ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: அந்த இடம் திடீரென்று கல்லாகி, தள்ளினாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கியிருக்கலாம். ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டு விடியும்வரை பார்க்கக் கூடாது, ஆட்டோ பிடித்து நேராக கேஷுவால்டிக்குப் போகணும். அத்தையும் தலையாட்டியிருக்கிறார்.