உப்பு கூட்டிய சோடா

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வாசலில் சோடா போடும் அக்கா, நான் கேட்காமலே இன்று உப்பைக் கூட்டி, இஞ்சி தட்டிப் போட்டு நீட்டினார்.

“முகமே வாடிக் கிடக்கு. குடிங்க தம்பி.”

ஆளைப் பார்த்தே கலக்கும் கை!

லண்டன் சவாய் ஓட்டல் பாரில் 1903 முதல் மது கலப்பவர்களுக்குத் தலைமை வகித்த ஏடா கோல்மன் என்ற பெண்மணி நினைவுக்கு வந்தார். களைத்து வரும் நடிகர் சார்லஸ் ஹாட்ரிக்காக அவர் உருவாக்கியதுதான் ‘ஹாங்கி பாங்கி’ என்ற காக்டெயில். ஜின், இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின், அப்புறம் ஃபெர்னெட் பிராங்கா என்ற கசப்பான மூலிகை மது சில சொட்டு.

அதை இன்றும் உலகம் முழுக்கக் கலக்குகிறார்கள். ஏடாவின் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

ஆறு வருஷமாக இங்கே சோடா குடிக்கிறேன். அக்காவின் பெயரை இன்றுதான் கேட்டேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி சொன்னார்.