மழையில போயிடுச்சுங்கய்யா

"மழையில போயிடுச்சுங்கய்யா" என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு லாரன்ஸ் ரோடு பக்கம் நடந்துவிட்டார். அத்தோடு மறந்திருப்பார். எனக்குத்தான் அந்த வார்த்தை இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

2024 டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அது. கடலூரில் நான் கவனித்துக்கொள்ளும் தியேட்டரில் மேட்னி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவர் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை என்றால் வந்துவிடுவார், யார் நடித்த படம் என்று கேட்கவே மாட்டார். என் அறை வாசலில் நின்று, "ஏன் தம்பி, இந்த வருஷம் பூரா ஒரே படத்தத்தான் ஓட்டுனீங்களா?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோல் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "நடுவுல ஒண்ணு போட்டீங்களே, துறைமுகத்துல மீன் பிரிக்கிற அம்மா வர்ற படம். நல்லா இருந்துச்சு. வீட்டுல கூட்டிக்கிட்டு வரலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள எடுத்துட்டீங்க."

அதற்குத்தான் மழை என்றேன்.

மழை பொய்யில்லை. அந்தப் படம் நவம்பர் 29 வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர நகர்களுக்குள் புகுந்தது. எங்கள் டிக்கெட் கிழிக்கும் பையன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவன் அம்மாவைக் கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துவிட்டு வேலைக்கு வந்தான். சனி மதியம் மூடிய தியேட்டரைச் செவ்வாய்க்கிழமைதான் திறந்தோம். அப்படி ஒரு வாரத்தில் எந்தப் படம் ஓடும்?

இதுவரை என் பக்கம் நியாயம் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படத்தின் டைரக்டர் வந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும், முதல் படம். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தான், செருப்பைக் கையில் வைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், ஈரமாக இருக்கிறது என்று உட்காரவில்லை. "சார், படம் ஓடி நின்னிருந்தா கேக்க மாட்டேன். ஓடவே இல்ல சார். அடுத்த வாரம் சின்ன ஸ்கிரீன்ல ஒரே ஒரு ஈவினிங் ஷோ குடுங்க. பகல்ல போட்டா எங்க ஜனம் வராது, எல்லாம் வேலைக்குப் போறவங்க" என்றான்.

அடுத்த வாரம் பெரிய படம் ஒன்று வருகிறது, இரண்டு ஸ்கிரீனும் அதற்கே போட்டாயிற்று என்றேன். "போட்டாச்சு" என்று நான் சொன்னதுதான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது. பெரிய ஸ்கிரீனுக்குத்தான் பேசி முடித்திருந்தோம். சின்ன ஸ்கிரீன் என் கையில் இருந்தது. முதலாளி ஷோ விஷயத்தை என்னிடமே விட்டுப் பல வருஷம் ஆகிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய படம் வந்தால் இரண்டிலும் அதையே போடுவது எங்கள் பழக்கம். எழுதாத சட்டம்போல அப்படியே ஆகிவிட்டது.

அவன் கெஞ்சவில்லை. "ஆள் இல்லாத நேரத்துல ஷோ குடுத்துட்டு, ஆள் வரலன்னு எல்லாருமே சொல்றாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். என்னை மட்டும் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். "எல்லாருமே" என்றதால் அது என்மீது இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

என் கணக்கையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் வசூல் போயிற்று. ஜெனரேட்டருக்குள் தண்ணீர் இறங்கி, சரிசெய்தவன் கேட்ட தொகை கொஞ்சமில்லை. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பதினோரு பேருக்குச் சம்பளம் தர வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். நான்கு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது, எட்டு வாரமாவது ஆகட்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இப்படிப்பட்ட தொழிலில் முகம் தெரியாத படத்துக்கு ஈவினிங் ஷோவைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? அன்றைக்கு முடியாது என்றுதான் பட்டது. இன்றைக்கும் பாதி நேரம் அப்படித்தான் படுகிறது.

மீதி நேரம் டி.சி.ஆர். கோப்பு, அதாவது தினசரி வசூல் கணக்கு, நினைவுக்கு வரும். பெரியவர் கேட்டுவிட்டுப் போன அன்று ராத்திரி அந்தக் கோப்பை எடுத்து வைத்து வருஷம் முழுவதையும் புரட்டினேன். பொங்கல் முடிந்ததும் காய்ந்துபோனோம். பிப்ரவரி கடைசியில் எங்களைத் தூக்கி நிறுத்தியது ஒரு மலையாளப் படம், மஞ்ஞும்மல் பாய்ஸ். அதிலும் தியேட்டர் அதிர்ந்தது 1991-ல் வந்த 'குணா' பாட்டுக்கு. ஏப்ரல் 19 ஓட்டுப் பதிவு, மறுநாள் 'கில்லி' மறுவெளியீடு. இருபது வருஷத்துப் பழைய படத்துக்குப் பையன்கள் ஸ்கிரீன் முன்னால் ஏறி ஆடினார்கள். அதன் பிறகு 'அரண்மனை' நான்காம் பாகம், 'இந்தியன்' இரண்டு, 'டிமான்ட்டி காலனி' இரண்டு, இந்திப் படத்தின் ரீமேக்காக 'அந்தகன்', வருஷக் கடைசியில் 'விடுதலை' இரண்டு. இவை நல்ல படமா, கெட்ட படமா என்று பேச வரவில்லை. சிலவற்றை நானே ரசித்தேன். ஆனால் நம்பர் போடாத படங்களிலும் பாதிக்கு மேல் கதையை நானே சொல்லிவிடலாம். சாதுவாக ஓர் ஆள் இருப்பார். அவர் பெண்ணையோ தங்கையையோ யாராவது தொடுவார்கள். அவர் யார் என்று இடைவேளையில் தெரியும்.

எங்கள் கேன்டீன் மாஸ்டர் உள்ளே வந்து படம் பார்ப்பதே இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் ஏறும். மேளம், கோரஸ், ஸ்லோ மோஷனுக்கு ஒரு உறுமல். அது கேட்டதும் சமோசாவை எண்ணெயில் போடுவார். கதவு திறக்கும்போது சமோசா சிவந்து தட்டுக்கு வந்திருக்கும். வருஷம் முழுக்க ஒரு நாளும் தப்பியதில்லை.

தப்பியது ஒரே ஒரு நாள், நவம்பர் 29. பதினொன்றரை மணி ஷோ, ஒன்பது டிக்கெட். பத்துக்குக் குறைந்தால் ரத்து செய்வது எங்கள் வழக்கம், அன்று ஓட்டினேன். (இதை எனக்கு ஆதரவாக எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று.) நானும் பின்னால் நின்று கொஞ்சம் பார்த்தேன். அந்த அம்மா மீனைத் தரம் பிரித்துக் கூடையில் போடுகிறாள். பக்கத்தில் மகன், ஊரை விட்டுப் போகப்போவதைச் சொல்ல வந்தவன், சொல்லாமல் அவனும் உட்கார்ந்து பிரிக்கிறான். கடைசியில் அவள் ஒரு நல்ல வஞ்சிரத்தை எடுத்து, விற்பனைக்குப் போடாமல், அவன் பக்கம் தள்ளி வைக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நமக்குப் புரிகிறது. லைட் போட்டுவிட்டார்கள், இடைவேளை. ஒன்பது பேரும் வெளியே வந்தால் சமோசா இல்லை. மாஸ்டர் என்னிடம் வந்து, "ஒரு சத்தமும் இல்லாம இன்டர்வெல் உட்டா எப்படிங்க?" என்று கோபப்பட்டார். நான் சிரித்தேன். அந்த ஒன்பது பேரில் பெரியவரும் ஒருவர் என்பதே எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

ஜனங்கள் புதுசுக்கு வரமாட்டார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. அதே வருஷம் 'மகாராஜா' ஓடியது, 'வாழை' ஓடியது. 'லப்பர் பந்து' முதல் பட டைரக்டருடையது. எங்களிடம் முதல் நாளைவிட இரண்டாவது வாரம்தான் கூட்டம்.

சரி, புதுசு என்றால் நல்லது என்று முடித்துவிடலாமா? 'கில்லி'யே 2003-ல் வந்த தெலுங்குப் படத்தின் ரீமேக். நான் சிறுவயதில் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் அதே பாரதக் கூத்தைத்தான் பார்த்தேன். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதும், படுகளத்தில் துரியோதனன் கிடப்பதும் எல்லோருக்கும் தெரியும். விடியும்வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். 1922-ல் புதுச்சேரியில் இறந்துபோன நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கருவடிக்குப்பத்தில் நினைவிடம் இருக்கிறது. அவர் எழுதிய வள்ளி திருமணத்தை இன்றும் ஆடுகிறார்கள். கூத்து வாத்தியார் எதிரே உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்து ஆடுவார். அந்த வருஷம் ஏரி வற்றியிருந்தால் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் வாயில் ஏரி வந்துவிடும். எங்களுக்கு வருகிற படங்கள் போன படத்தின் வசூலைப் பார்த்து எடுக்கப்பட்டவை. திரும்பச் சொல்வது தப்பு இல்லை, யாரைப் பார்த்துத் திரும்பச் சொல்கிறோம் என்பதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி யோசிக்கும்போதே, நானும் போன வருஷ டி.சி.ஆரைப் பார்த்துத்தானே ஷோ போடுகிறேன் என்பதும் வந்து நிற்கிறது.

அந்தப் பெரிய படம் சின்ன ஸ்கிரீனில் ஞாயிறு வரை நன்றாக ஓடியது. திங்களிலிருந்து ஈவினிங் ஷோவுக்கு முப்பது, முப்பத்தைந்து பேர். அந்தப் பையன் கேட்டதைக் கொடுத்திருந்தால் முப்பது பேர் வந்திருப்பார்களா? பெரியவரும் அவர் வீட்டம்மாவும் வந்திருப்பார்கள், அது நிச்சயம். மீதி இருபத்தெட்டு பேருக்கு என்னிடம் பதில் இல்லை.

பொங்கல் கழிந்து அவன் போன் செய்தான். நம்பரைப் பார்த்ததும் எடுக்கத் தயங்கினேன், எடுத்தேன். கோபம் எதுவும் இல்லை. தியேட்டரில் தண்ணீர் வடிந்ததா என்று விசாரித்தான். புதுக் கதை ஒன்று தயார் என்றான். "இந்தத் தடவை உங்களுக்குக் கஷ்டம் இருக்காது சார். ஹீரோ ஆட்டோ ஓட்டுறவரு, ரொம்ப அமைதியானவரு. இன்டர்வெல்லதான் அவரு யாருன்னு தெரியும். பெரிய பிளாக் சார்."

"நல்லதுப்பா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்தபோது பெரிய ஸ்கிரீனில் சத்தம் ஏற ஆரம்பித்திருந்தது. கேன்டீன் பக்கமிருந்து எண்ணெய் வாசனை வந்தது.