காசு போனது டைகோகுல, கண்ணு நிறைஞ்சது ஹிரோஷிமால

ஹிரோஷிமா ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து இத டைப் பண்றேன், ஒசாகா பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. எத்தனை நாள், எங்க தங்கினோம், என்ன செலவுன்னு வரிசையா எழுதணும்னுதான் நினைச்சேன், ஆனா அந்த டைகோகு ஆள் மேல இருக்கற கடுப்பு இன்னும் அடங்கல, அதக் கொட்டிட்டு மத்தத சொல்றேன்.

டைகோகுன்னா யோகோஹாமா துறைமுகத்துல கடல மேடாக்கி உண்டாக்கின ஒரு தீவு. எக்ஸ்பிரஸ்வே பாலமெல்லாம் ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி சுத்தி சுத்தி இறங்கும், அதுக்கு நடுவுல ஒரு பார்க்கிங் ஏரியா, லாரிக்காரங்க தூங்கவும் மெஷின்ல காபி வாங்கிக் குடிக்கவும் இருக்கற சாதாரண இடம்தான். ஆனா ராத்திரி ஆச்சுன்னா ஜப்பானோட பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பேக்கள (ரெண்டு கதவு கார்) பார்க்க உலகத்துல இருந்து ஆளுங்க அங்கதான் வர்றாங்க. சிக்கல் என்னன்னா எக்ஸ்பிரஸ்வே வழியாத்தான் உள்ள போக முடியும். ரயில் கிடையாது, பஸ் கிடையாது, நடந்து போகவும் வழி கிடையாது. இத வச்சே "நான் கூட்டிட்டுப் போறேன்"னு ஒரு தொழில் நடக்குது.

நாங்க மாட்டினது அப்படி ஒரு ஆள்கிட்ட. ஆளுக்கு 22,000 யென். ஒரு யென் 60 பைசான்னு போட்டாலும் 13,000 ரூபா தாண்டுது, நாங்க ரெண்டு பேரு. ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆர்ல, அதான் நிசானோட பேர்போன ஸ்போர்ட்ஸ் கார்ல, கூட்டிட்டுப் போறேன்னு போட்டோ எல்லாம் அனுப்பினான், வந்தது ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி, கேட்டா அது சர்வீஸ்ல இருக்காம். டோல் காசு தனியாம், அதையும் கார்ல ஏறினப்புறம்தான் சொல்றான். சரி தொலையுதுன்னு போனா, உள்ள போய் 40 நிமிஷம் ஆகல, போலீஸ் ஸ்பீக்கர்ல ஏதோ அறிவிச்சாங்க, எல்லாரும் கிளம்பறாங்க, இடத்த மூடிட்டாங்க! சனிக்கிழமை ராத்திரி கூட்டம் சேர்ந்தா அங்க மூடறது அடிக்கடி நடக்கறதுதான், வாராவாரம் ஆள் ஏத்திட்டுப் போறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? ரீஃபண்ட் கேட்டேன், தோளக் குலுக்கினான். என்கூட வந்த நண்பனுக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாது, கணக்கு மட்டும் நல்லா வரும், திரும்பி வர்ற வழில மெதுவா சொல்றான்: "டேய், நிமிஷத்துக்கு 550 யென்."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, ஊர்ல ஆர்டிஓ ஆபீஸ்ல 1,000 ரூபா கட்டி எடுத்த இன்டர்நேஷனல் பர்மிட் பெட்டிக்கு அடில கிடக்கு. ஜப்பான்ல அது செல்லும், ரோட்லயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். காலைல எட்டு மணிக்கு வாடகைக் கடை திறந்ததும் ஒரு குட்டி சுசுகி எடுத்தேன், இன்சூரன்ஸோட சேர்த்து 6 மணி நேரத்துக்கு 5,500 யென், டோல் கட்டற கார்டும் அவங்களே குடுத்தாங்க. நண்பன் வழி முழுக்க கைப்பிடிய விடவே இல்ல, அது வேற விஷயம். டைகோகு போகணும்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு இதப் பண்ணுங்க, எவனுக்கும் 22,000 அழாதீங்க.

ஞாயித்துக்கிழமை காலைல போனதுதான் உண்மையான டைகோகு. ராத்திரில சைலன்சர் வெடிக்க விடற பசங்க யாரும் இல்ல. பழைய வண்டிய அங்க க்யூஷான்னு சொல்றாங்க, அதுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் அறுபது எழுபது வயசுக்காரங்க, கையில காபி கேனோட ஒருத்தர் பானட்டுக்குள்ள இன்னொருத்தர் தலைய விட்டுப் பார்த்துட்டு இருக்காங்க. நான் இத்தனை வருஷம் வால்பேப்பர்லயே பார்த்த எஸ்30 ஃபேர்லேடி இசட் அங்க ஒண்ணு நின்னுச்சு, 1969ல நிசான் விட்ட அதே உருவம், பாதி வண்டி நீளத்துக்கு மூக்கு. கண்ணாடி கதவுல இல்ல, முன்னாடி ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) மேல கொம்பு மாதிரி நிக்குது. 1983 வரைக்கும் ஜப்பான் கார்ல கதவுல கண்ணாடி வைக்க அனுமதியே கிடையாது. அப்புறம் நம்பர் பிளேட்ட பார்த்தேன், ஊர் பேருக்குப் பக்கத்துல 55ன்னு ரெண்டே இலக்கம்! 90கள் கடைசிலயே அது மூணு இலக்கமா மாறிடுச்சு, அதுக்கப்புறம் கை மாறி வேற ஊருக்குப் போயிருந்தா இந்த பிளேட் இருக்காது, ஆக வண்டி ஒரே ஊர்ல ரொம்ப நாளா இருக்குன்னு அர்த்தம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு, நண்பன் "55ல என்னடா இருக்கு"ன்னு கேக்கறான்.

இந்த இசட்ல அமெரிக்காவுக்குப் போனதுக்கு 2.4 லிட்டர் இன்ஜின். சொந்த ஊரான ஜப்பான்ல 2,000 சிசிய தாண்டினா வரி எகிறிடும்னு 1,998 சிசி. ஆறு சிலிண்டர் ஒரே வரிசைல. அந்த இசட்டோட சொந்தக்காரப் பெரியவர்கிட்ட போன்ல மொழிபெயர்ப்பு ஆப் வச்சு ஸ்டார்ட் பண்ண முடியுமான்னு கேட்டேன். பண்ணினார். அந்த கார்புரேட்டர் உறுமலயும் பெட்ரோல் வாசனையையும் எழுதிக் காட்ட எனக்கு வராது, விட்டுடறேன். 13 வருஷம் தாண்டின வண்டிக்கு அங்க வரி அதிகம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஷாக்கென்னு ஒரு சோதனை வேற, அதெல்லாம் கட்டித்தான் இந்த மனுஷங்க வச்சிருக்காங்க. நீங்க எதுல வந்தீங்கன்னு கேட்டார், வெக்கத்தோட வெள்ளை சுசுகிய காட்டினேன். "ஓ, சுசுகி! இந்தியா!"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சார்.

அதுக்கப்புறம் நகோயா. டொயோட்டா ஆட்டோமொபைல் மியூசியம் நகாகுதேல இருக்கு, லினிமோன்னு காந்தத்துல மிதந்து ஓடற ரயில் ஏறி கெய்தாய்தோரில இறங்கி அஞ்சு நிமிஷ நடை, டிக்கெட் 1,200 யென். அங்க 2000ஜிடின்னு டொயோட்டாவோட பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. 1967ல இருந்து 1970 வரை வித்தது மொத்தம் 337தான். யமஹா கூட சேர்ந்து பண்ணின வண்டி, டேஷ்போர்டு மரம் யமஹாவோட இசைக்கருவி பண்ற கையால வந்தது, பியானோ பளபளப்பு அப்படியே தெரியுது. உயரம் 1,160 மில்லிமீட்டர், கூரை என் நெஞ்சுக்குக் கீழ நிக்குது. அழகா? ரொம்ப அழகு. ஆனா உண்மையச் சொல்லணும்னா டைகோகுல புகை விட்டுட்டு நின்ன இசட்ட பார்த்தப்புறம் இது எனக்கு கல்யாண ஆல்பம் மாதிரிதான் இருந்துச்சு. திட்டறவங்க திட்டிக்கங்க.

இப்ப பஸ். நகோயாலருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட் விலையப் பார்த்துட்டு நண்பன் ஃபோனக் கவுத்து வச்சுட்டான், சரின்னு நைட் பஸ் போட்டோம். போட்டது யாரு, நான்தான், அதுலயும் 900 யென் குறைவுன்னு கடைசி வரிசை. கடைசி வரிசை சீட்டு சாயாதுன்னு எங்கயும் எழுதல. முதுகுக்குப் பின்னாடி சுவரு, காலுக்குக் கீழ இன்ஜின் சூடு, முன் சீட்டுக்காரர் மரியாதையா தலை குனிஞ்சு அனுமதி கேட்டு முழுசா என் மடில சாஞ்சிட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி லைட்ட வேற போட்டாங்க. விடியக்காலம் இறங்கும்போது இடது முட்டி மடங்கல, ஷின்கான்சென்ல மிச்சம் புடிச்ச காச வலி தைலத்துக்கு குடுக்கணும் போல இருந்துச்சு.

மதியம் ஒரு ஒகோனோமியாகி கடைல உக்காந்தப்பதான் உயிர் வந்துச்சு. நம்ம எதிர்லயே நீளமான இரும்புக் கல்லு, அதுல தோசை மாதிரி மெல்லிசா மாவு தேச்சு, மேல முட்டைக்கோஸ மலையா குவிச்சு, பன்றிக்கறி, நூடுல்ஸ், அடில முட்டைய ஊத்தி ஒரே திருப்பு. கல்லுலருந்தே கரண்டியால வெட்டிச் சாப்பிடணும். 1,000 யென், ரெண்டு வேளைக்குத் தாங்குச்சு.

மறுநாள் மாஸ்டா மியூசியம். ஹிரோஷிமாலருந்து ரெண்டாவது ஸ்டேஷன் முகைனாடா, முன்கூட்டியே இணையத்துல புக் பண்ணணும், கட்டணம் பைசா கிடையாது. இலவசம்னா என்ன இருக்கப் போகுதுன்னு அலட்சியமாத்தான் போனேன். உள்ள வெள்ளை வெளேர்னு காஸ்மோ ஸ்போர்ட் நிக்குது. 1967, 940 கிலோ, 982 சிசி, 110 குதிரை சக்தி, பிஸ்டனே கிடையாது. மூணு முனை வச்ச ரோட்டார் ரெண்டு, நிலக்கடலை ஓடு மாதிரி இருக்கற கூட்டுக்குள்ள சுத்துது, அவ்ளோதான். சொல்ல ஈஸி. 1961ல ஜெர்மனியோட என்எஸ்யு கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தா, ரோட்டார் முனைல இருக்கற சீல் (கசியாம அடைக்கற பட்டை) அதிர்ந்து அதிர்ந்து கூட்டோட உள்சுவத்துல அலை அலையா கீறி வச்சிடுச்சு. அதுக்கு அவங்க வச்ச பேரு பிசாசு நகக்கீறல். சின்ன கம்பெனிகள பெருசோட இணைச்சிடலாம்னு அரசாங்கம் நினைச்சிட்டு இருந்த காலம், இது தேறலன்னா மாஸ்டாவே தனியா இருந்திருக்குமான்னு தெரியாது. கெனிச்சி யமமோட்டோ தலைமைல 47 பேரு உக்காந்து, கடைசில கார்பனும் அலுமினியமும் கலந்த சீல்ல அந்தக் கீறல நிறுத்தினாங்க. காஸ்மோ மொத்தம் 1,176தான் வந்துச்சு. ஆனா 1978ல வந்த ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார்லருந்து 1991ல பிரான்ஸோட 24 மணி நேர லெமான் ரேஸ் ஜெயிச்ச 787பி ரேஸ் கார் வரைக்கும் அந்த வேலைலருந்து வந்தது, அந்த 787பியும் அங்கயேதான் நிக்குது.

இசட்டுக்காக ஜப்பான் வந்தவன் காஸ்மோவோட பின் லைட்ட (பம்பருக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ராக்கெட் வாய் மாதிரி) பத்து நிமிஷம் குனிஞ்சு பார்த்துட்டு நின்னேன், கைடு அம்மா பொறுமையா காத்துட்டு இருந்தாங்க.

செலவுக் கணக்கு எழுதறேன்னு சொன்னேன்ல, நோட்டு நண்பன்கிட்ட இருக்கு, டைகோகு 22,000த்த ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கான், காட்ட மாட்டேங்கறான். இன்னிக்கு ஒசாகா பஸ்ஸுக்கு மூணு சீட் வரிசை, நடுவுல, 1,800 யென் கூடக் குடுத்துட்டோம். சும்மா உக்காந்திருக்கோமேன்னு பழைய கார் விக்கற சைட்ல காஸ்மோ ஒண்ணு தேடி எடுத்து அவனுக்குக் காட்டினேன், விலை போடற இடத்துல நம்பரே இல்ல, 'கேட்கவும்'னு மட்டும் இருக்கு.

"அப்ப கேளேன்டா"ங்கறான்.