30க்கு 27 எடுத்தும் ஒரு பில் கட்டத் தெரியவில்லை

ஸ்ட்ரோக் வந்து ஏழாவது வாரம். கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சும் தெளிவு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "பழையபடி ஆயிட்டீங்க" என்றார்கள். ஆனால் குளிக்கப் போக வேண்டும் என்று தெரிந்தும், துண்டை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது "எழுந்திரு" என்று சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன். சோம்பேறியாகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஒரு நாள் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்கியதும் கணவர் பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

அங்கே ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் மோக்கா என்ற பத்து நிமிடப் பரிசோதனை. ஒரு கடிகாரப் படம் வரைந்து காட்டு, ஐந்து வார்த்தைகளை ஞாபகம் வைத்துச் சொல், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி. 30க்கு 27 வந்தது. 26 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக நார்மல் என்பார்கள், அதனால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அழுதேன். வியாதி இல்லையென்றால் குறை என் குணத்தில்தானே?

கணவர் விடவில்லை. கேட்டு வாங்கிய கடிதத்தோடு ஒரு நரம்பு உளவியலாளரிடம் போனோம். அவர் எடுத்ததும் சோதனையில் இறங்கவில்லை. இடது பக்கம் இருப்பது கண்ணில் படுகிறதா, சொல்வது புரிகிறதா, மனச்சோர்வு உண்டா, தூக்கம் எப்படி என்று பார்த்தார், ஏனென்றால் இவற்றில் எது கெட்டிருந்தாலும் மதிப்பெண் குறையுமாம். நான் சீக்கிரம் களைத்துவிடுவதால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டார். திட்டமிடுவது, தொடங்குவது, கவனத்தை மாற்றுவது, செய்த தவறைத் தானே பிடிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று பொறுமையாகச் சொன்னார்.

எண்களை மட்டும் வரிசையாகக் கோடு போட்டு இணைக்கும் தாளை முடித்துவிட்டேன். அடுத்த தாளில் எண்ணும் எழுத்தும் மாறி மாறி வர வேண்டும்: 1, அ, 2, ஆ, 3, இ. விதியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் போட்டேன். 5க்கு அப்புறம் உ வர வேண்டும். ஆனால் பென்சில் 6க்குப் போய்விட்டது. அவர் விரலால் 5ஐத் தொட்டுக் காட்டினார், நேரம் பார்க்கும் கடிகாரம் நிற்கவில்லை, என் கை மறுபடியும் 6க்கே போனது.

இரண்டாம் நாள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் நிபுணர். மேசையில் ஒரு கட்டுத் தபால், கால்குலேட்டர், கணக்குப் புத்தகம். "இதில் இருக்கிற பில்களைக் கட்டுங்க" என்றதோடு சரி, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உறைகளை அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். முதலில் பொதுவாக ஒரு குறிப்பு கொடுத்தார், பிறகு எந்த உறை என்று காட்டினார், கடைசியில் "இதைத் திறங்க" என்று நேராகவே சொன்னார். எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதுதான் அங்கே மதிப்பெண். கணக்கில் இருந்த பணம் இரண்டு பில்லுக்கும் போதாது, அதை நான் கவனிக்கவே இல்லை.

இப்படிப்பட்ட சிரமங்கள் அன்றாடம் எவ்வளவு வருகின்றன என்று கேட்கும், இருபது கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை நானும் கணவரும் தனித்தனியாக நிரப்பினோம். நான் பெரும்பாலும் "இல்லை" போட்டிருந்தேன். அவர் அதே கேள்விகளுக்கு "அடிக்கடி" போட்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் மிகவும் வலித்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால், மதிப்பெண்ணோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வீட்டில் நடந்ததைத் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள், ஒரு வேலையைச் செய்யவிட்டுப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். எனக்கு அறிக்கையில் "தொடங்குவதிலும் சரிபார்ப்பதிலும் சிரமம்" என்று வந்தது. சோம்பல் என்ற வார்த்தையை நாங்கள் இருவருமே அன்றோடு விட்டுவிட்டோம். இப்போது ஏழு மணிக்கு அலாரம் அடிக்கும், குளியலறைக் கதவில் ஒட்டிய அட்டையில் முதல் வரி "எழுந்து நில்".